கறுப்புக் காபிக்கு ஒரு மெஷின்

மார்ச் 3

பணிமனை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஆலையில் காபிக் கொட்டை வாங்கும் சிறிய அலுவலகங்களுக்கு இனிமேல் மெஷினும் சேர்த்துக் கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. மொத்தம் நாற்பது இடங்கள். எல்லாமே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு அலமாரி அளவுள்ள அறைகள். அங்கே பால் வைக்க இடமும் இல்லை, பால் கேட்கிற ஆட்களும் இல்லை. பொத்தானை அமுக்கினால் தானே அரைத்து, தானே வடித்து, கறுப்புக் காபி தருகிற சின்ன எஸ்பிரெஸோ மெஷின் போதும். கொள்முதல் பிரிவு இரண்டு மாடல்களைத் தேர்ந்து வைத்திருக்கிறது. இரண்டையும் பழுது பார்க்கிற பணிமனை உங்களுடையது என்பதால், ஒவ்வொன்றிலும் ஒன்றைச் சரிபார்த்து இங்கே அனுப்பிவைக்கவும். எது என்று முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

ஏப்ரல் பதினேழுக்கு முன்பே இது முடிய வேண்டும். அன்றுதான் எங்கள் சுவைப் பிரிவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்வு. பன்னிரண்டு கோப்பைகளை மூடி வைப்பார்கள். எதில் என்ன கொட்டை, எதில் என்ன குறை என்று சொல்ல வேண்டும். தேறினால் என் நாற்காலி இன்னும் இரண்டு ஆண்டுக்கு எனக்கு. தேறாவிட்டால் வேறு ஒருவருக்கு. அதற்குள் மேசையில் வேறு வேலை மிச்சம் இருக்கக் கூடாது என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தலைமைச் சுவைப் பரிசோதகர்

பி.கு. மேலே உள்ளது அலுவலகத்தில் அச்சடித்தது. இது கையால் எழுதுவது. கொள்முதல் பிரிவு கொடுத்த காகிதத்தில் முகவரியைப் பார்த்த பிறகுதான் அது உன் பணிமனை என்று தெரிந்தது. நான்கு ஆண்டாக நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. சரி, எடுக்க வேண்டாம். ஆலை வேன் செவ்வாயும் வெள்ளியும் உன் தெரு வழியாகத்தான் போய்வருகிறது. டிரைவரிடம் கொடுத்தால் எனக்கு வந்துவிடும். நன்றாக இருக்கிறாயா, திருகாணி?

*

மார்ச் 6

மாண்புமிகு தலைமைச் சுவைப் பரிசோதகர் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மேலான கடிதம் கிடைத்தது. அச்சடித்தது அழகு, பின்குறிப்பு அதைவிட அழகு.

போதும், எனக்கே சிரிப்பு வருகிறது. அக்கா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கமும் நன்றாக இருக்கிறது. வேலை மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கடை உரிமமா என்று கேட்கிறார்கள். “இல்லீங்க, எங்கக்கா குடுத்த சர்டிபிகேட்” என்று சொல்வேன்.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அப்போது உங்கள் ஆலையில் வறுக்கிற டிரம்முக்கு நான்தான் பராமரிப்பு. வெப்பமானி செத்துப்போனது. புதியது வரும்வரை ஒன்பது நாள், கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டே ஓட்டினேன். ஒரு கொட்டை கருகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, அது தப்புதான். நீ பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தாய். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினாய்: “குறையை மறைத்து வேலை செய்பவரின் கைபட்ட எதையும் என்னால் நம்பிச் சுவைக்க முடியாது.” மறுநாள் நான் வெளியே நின்றேன். உன் தம்பி என்பதற்காக விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்டிருக்க மாட்டேன். கேட்க எனக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்திருக்கலாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். மெஷின்களின் கம்பெனிப் பெயர் எனக்கு வாயில் நுழையாது. ஒன்று குட்டை, இன்னொன்று ஒல்லி. குட்டை மேசையில் அகலமாகக் கால் பரப்பி உட்காருவான். பெரிய கோப்பை கேட்டால் அத்தனை தண்ணீரையும் தூளுக்குள்ளேயே தள்ளுவான். ஒல்லி முதலில் கெட்டியாகக் கொஞ்சம் வடித்துவிட்டு, மீதிக்கு வெந்நீரைத் தனியாக ஊற்றுவான். பால் விட்டுக் குடிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், பால் எல்லாவற்றையும் மூடிவிடும். கறுப்பாகக் குடிக்கிறவனிடம் ஒன்றையும் மறைக்க முடியாது.

உங்கள் ஆலைப் பாக்கெட்டிலிருந்தே இரண்டிலும் ஒரே கொட்டையை நிரப்பியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும். ஒரு மடக்கில் சொல்லிவிடுவாய். அப்பாவின் சட்டைப் பையில் சிகரெட் இருப்பதை வாசலிலேயே சொன்ன மூக்காயிற்றே அது.

திருகாணி

*

மார்ச் 13

தம்பிக்கு,

இரண்டு மெஷினும் இந்தக் கடிதத்தோடு திரும்பி வருகின்றன. ஐந்து நாள், ஒவ்வொன்றிலும் இருபது கோப்பை பார்த்தேன்.

குட்டையில் முதல் கோப்பை எப்போதும் ஆறலாகவே வருகிறது. அறுபத்தெட்டு டிகிரி. இரண்டாவது கோப்பைதான் சூடு. சிறிய கோப்பையில் குறை சொல்ல எதுவுமில்லை. பெரிய கோப்பையில், கடைசி மூன்று மடக்கு நாக்கின் அடியில் கசந்துகொண்டே நிற்கிறது. நீ சொன்ன காரணம்தான், தூளில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சக்கைத் தட்டை எட்டுக் கோப்பைக்கு ஒருமுறை காலி செய்யச் சொல்கிறது. நாலு பேர் உள்ள அலுவலகத்தில் மத்தியானத்துக்குள் சண்டை வந்துவிடும்.

ஒல்லியில் முதல் கோப்பையே எழுபத்தைந்து டிகிரி. கசப்பு அளவோடு, சுத்தமாக முடிகிறது. மேல்நுரை இரண்டு நிமிடம் கலையாமல் நிற்கிறது. வறுத்த வாதுமையும் காய்ந்த பழமும் கலந்த வாசனை, பாக்கெட்டில் அச்சடித்திருப்பது அப்படியே வருகிறது. அகலம் பத்தொன்பது சென்டிமீட்டர், அலமாரித் தட்டில் கதவைக் கழற்றாமலே வைத்துவிடலாம். ஒரே ஒரு குறை. பொத்தானை அமுக்கியதும் மூன்றாவது நொடியில் பம்ப் ஒருமுறை விக்குகிறது. ஒவ்வொரு முறையும் அதே நொடியில். திறந்து பார்.

என் முடிவு ஒல்லி. நீ ஒரு மறுப்பும் சொல்லாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன்.

சுவரில் மாட்டியிருக்கும் காகிதத்தைக் கழற்று என்று கேட்க மாட்டேன். எழுதியது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். என் உதவியாளராக இருந்த பெண்ணைப் போன மாதம் பாக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு சரக்கு சாக்கு வாடை அடிக்கிறது என்று திரும்பி வந்தது, பழி அவள்மேல் விழுந்தது. அதனால் எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. பதினேழாம் தேதி வரை என்னை யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப்போட்டு எழுதுகிறேன்.

ஒல்லியைத் திறந்து பார்க்கலாம் என்று மேல்மூடியைத் தூக்கினேன். குப்பென்று சோப்பு வாடை அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது.

அரைக்கிற பாகத்தைச் சரிபார்க்க நல்ல கொட்டையை யாரும் வீணாக்க மாட்டார்கள். அதற்கென்றே மூன்று வருடத்துப் பழங்கொட்டை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அது துணி துவைக்கிற சோப்புத்தூள் இருந்த டப்பா. எத்தனை கழுவியும் வாடை போகவில்லை, சோதனைக்குத்தானே என்று விட்டுவிட்டேன். அந்தக் கொட்டையைப் போட்டு அரைத்துப் பார்த்து, மிச்சத்தைக் கொட்டிவிட்டு, துடைத்து, புதுசை நிரப்புவது என் வழக்கம். குட்டைக்குச் செய்தேன். ஒல்லிக்குச் செய்யவில்லை. நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், போனேன், வந்தேன், மூடிப் பெட்டியில் வைத்துவிட்டேன். என் மடத்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று அதிலேயே ஒரு கோப்பை போட்டேன். வாய்வரை போகவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததுமே குமட்டியது. துவைத்த சட்டையைப் பிழிந்து கொடுத்த மாதிரி. பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் நீட்டினேன். “என்னய்யா, துணி ஊறவெச்ச தண்ணியா?” என்றார்.

நீ இதில் இருபது கோப்பை பார்த்திருக்கிறாய். வறுத்த வாதுமை என்று எழுதியிருக்கிறாய்.

என்ன ஆச்சு அக்கா?

*

மார்ச் 24

தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடை தெரியாமல் இல்லை. நான் எடைபோட்டது மெஷினை, கொட்டையை அல்ல. சூடு, கசப்பு, நுரை, சத்தம், இவற்றுக்குக் கொட்டை எதுவானால் என்ன? உன் மெத்தனத்தை ஆலைக் காகிதத்தில் ஏற்றி நாற்பது இடத்து வேலையையும் நீ இழக்க வேண்டாம் என்றுதான் பாக்கெட்டில் போட்டிருந்ததை எழுதிவைத்தேன். உனக்கு நல்லது செய்யப் போனால் இதுதான் எனக்குக் கிடைக்கும்.

ஒன்று கேட்கிறேன், நெஞ்சில் கை வைத்துச் சொல். மறந்து வைத்தாயா, வைத்துவிட்டு மறந்த மாதிரி எழுதுகிறாயா? நான்கு ஆண்டாக எதிரே மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது நல்ல சமயம்தான்.

இதை இத்தோடு விடு. தையல்காரரிடம் காட்டியது போல வேறு யாரிடமும் காட்டாதே. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இருபத்தோரு ஆண்டு உட்கார்ந்த நாற்காலி அது. உன் டப்பாக் கொட்டையால் அது போகக் கூடாது.

*

மார்ச் 27

அக்காவுக்கு,

மறந்துதான் வைத்தேன். நீ நம்பாவிட்டால் நான் என்ன செய்ய?

நீ சொல்வதை நானும் நம்ப முயற்சி செய்கிறேன். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. இத்துடன் இரண்டு சின்னப் பொட்டலம் வருகிறது. ஒன்று, இரண்டு என்று எழுதியிருக்கிறேன். எது சோப்பு டப்பாக் கொட்டை என்று மட்டும் சொல். சொல்லிவிட்டால், உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். தலைக்கு மேலே கை தூக்கி மன்னிப்பும் கேட்கிறேன்.

*

மார்ச் 31

இரண்டாவது. பிரித்ததுமே தெரிந்தது. இனிமேல் இப்படிப் பள்ளிக்கூடப் பரீட்சை எல்லாம் எனக்கு வைக்காதே.

*

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

இரண்டுமே போன வாரம் வாங்கிய புதுக் கொட்டை. ஒரே பையிலிருந்து எடுத்தது. சோப்பு டப்பாக் கொட்டை பொட்டலத்தில் வரவே இல்லை.

கேவலமான வேலை செய்திருக்கிறேன் என்று தெரிகிறது. அம்மா இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பாள். தெரிந்தேதான் பொட்டலம் கட்டினேன். நீ பூசி மெழுகுவதை என்னால் தாங்க முடியவில்லை. என்னை நீ திட்டினால் தாங்குவேன். நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெப்பமானி செத்த டிரம்மை நான் ஒன்பது நாள் ஓட்டினேன். நீ எத்தனை நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறாய்?

*

ஏப்ரல் 7

தம்பிக்கு,

நூற்று ஐம்பத்தெட்டு நாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் விட்டது. ஐந்தாம் நாள் குளிக்கப் போனேன். சோப்பை எடுத்தால் கல்லை எடுத்த மாதிரி இருந்தது. முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. கரைத்துப் பார்த்தேன், கிள்ளிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சளி போனால் திரும்பிவிடும் என்று நினைத்தேன். சளி போய்விட்டது, அது திரும்பவில்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை போய்வந்தேன்.

நாக்கு இருக்கிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரிகிறது. காபியில் மற்றது எல்லாம் மூக்குதான் என்று வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

எப்படி ஓட்டினேன் என்று கேட்பாய். என் உதவியாளரின் முகத்தைப் பார்த்து ஓட்டினேன். அவள் கோப்பையை எடுப்பாள், நானும் எடுப்பேன். நல்ல கொட்டை என்றால் அவளுக்குக் கண் லேசாகச் சொக்கும். பழசு என்றால் இடது புருவம் ஏறும். புகை வாடை என்றால் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். “எப்படிம்மா இவ்ளோ சீக்கிரம் கண்டுபுடிக்கறீங்க?” என்று கேட்பாள். அவள் அப்படிக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பேன்.

பிப்ரவரியில் ஒருநாள் மேலாளர் அறைக்குள் வந்து நின்றுகொண்டிருந்தார். அன்று அவள் எனக்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டாள். “சாக்கு வாடை அடிக்குதும்மா” என்றாள். மேலாளர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னதை நான் ஒத்துக்கொண்டால் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது என்று ஆகிவிடுமோ என்று எனக்குள் ஒரு கிலி. “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு” என்றேன். முந்நூறு மூட்டை போனது, முந்நூறும் திரும்பி வந்தது. அன்றைய பதிவை எழுதியது அவள் கை. எழுதச் சொன்னது நான். மேலாளர் அவளைக் கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இதை எழுதவே இத்தனை நாள் ஆயிற்று. உன் பொட்டலத்துக்கு உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது. பிரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவதன் நிறம் கொஞ்சம் மங்கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் படி. பதினேழாம் தேதி ஒல்லியைப் பொருத்திக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி உன்னை அந்த அறைக்குள் நிற்கவைக்க என்னால் முடியும். மூடியைத் திறந்து கோப்பையை ஒவ்வொருவராக முகர்வார்கள், உன் கைக்கும் ஒன்று வரும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும். சின்ன வயதிலிருந்து உன் முகம் எனக்கு மனப்பாடம்.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

வர மாட்டேன்.

யாரிடமும் சொல்லவும் மாட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், நீ பயந்துகொண்டிருக்க வேண்டாம். சொல்ல நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு பக்கக் காகிதம் எடுத்தேன், உன் ஆலை முகவரியைக்கூட எழுதினேன். நாலு வருடக் கோபம் பேனா முனையில் வந்து நின்றது. அப்புறம் நீ சோப்பைக் கிள்ளிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. காகிதத்தைக் கசக்கிவிட்டேன்.

அந்த ஒன்பது நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் இரண்டு நாள் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. பார், காதாலேயே ஓட்டுகிறேன் என்று. மூன்றாம் நாள் யாராவது பேசினால் எரிந்து விழுந்தேன், வெடிக்கிற சத்தம் காதில் விழாமல் போய்விடுமே என்று. ஐந்தாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஏழாம் நாள் டிரம் ஓடாதபோதும் காதில் வெடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று நினைத்து நிறுத்திவிடுவேன். நாள் ஏற ஏறச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. ஒன்பது நாளுக்கே எனக்கு இந்தக் கதி. உன்னுடையது நூற்று ஐம்பத்தெட்டு. எப்படி அக்கா தூங்குகிறாய்?

நீ எழுதிக் கொடுத்தாய் என்று மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரே, அப்போது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த நாற்காலியிலேயே படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது. கோபம் வாசலுக்கு வந்த பிறகுதான் வந்தது. இதை நான் எனக்கே ஒத்துக்கொண்டதில்லை, இப்போது உனக்கு எழுதுகிறேன்.

அந்தப் பெண் பாக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பற்றி எழுத உனக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது. அந்தப் பேனா இப்போது எங்கே?

நாற்காலி போய்விடும் என்கிறாய். போகும். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

*

ஏப்ரல் 17

தம்பிக்கு,

வேன் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. முதலில் உன்மேல் கோபம். அப்புறம் யார்மேல் என்று தெரியாத கோபம். நேற்றுவரை வேறு வழி தேடினேன். விடுப்பு போடலாமா, கால் சுளுக்கு என்று சொல்லலாமா என்று சாக்கு தேடினேன். சிரிக்காதே, கால் சுளுக்குக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே அப்புறம்தான் தோன்றியது.

காலை பத்து மணிக்கு அறைக்குள் போனேன். பன்னிரண்டு கோப்பை, மூடியோடு. மேலாளர், வெளியிலிருந்து வந்த இரண்டு பரிசோதகர்கள். கோப்பை எடுத்து வைக்க ஆள் போதவில்லை என்று பாக்கிங்கிலிருந்து அவளையே கூப்பிட்டிருந்தார்கள். பாக்கிங் ஏப்ரன், விரலில் பசை ஒட்டியிருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

என் கைப்பையில் ஒரு பக்கம் இருந்தது. காலையில்தான் எழுதினேன். எழுதிவிட்டேனே தவிர, கொடுப்பேனா என்று எனக்கே தெரியாது. முதல் மூடியைத் திறந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். தம்பி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பழக்கத்தில் என் கண் தானாகவே அங்கே போனது. அவள் இடது புருவம் ஏறியது. பழசு. எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டையும் இப்படியே சொல்லிவிடலாம். நாற்காலி என்னுடையது.

கையிலிருந்த சுவைக் கரண்டியைக் கீழே வைத்தேன். காகிதத்தை மேலாளரிடம் நீட்டினேன். நகல் இத்துடன் இருக்கிறது. கடைசி வரி உன் சுவரில் தொங்குகிற அதே வரிதான். அதைவிட நல்லதாக எழுத வரவில்லை.

மேலாளர் நல்ல மனிதர். படித்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், “உடம்பு சரியில்லன்னா சொல்லுங்க, தேதிய தள்ளி வெச்சுக்கலாம். இதெல்லாம் இப்ப வேணாம்” என்றார். கதவைத் திறந்துவிட்டு நின்ற மாதிரி இருந்தது. ஒரு நொடி நான் அதன் வழியாகப் போகத்தான் பார்த்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “அன்னிக்கு இவ சொன்னதுதான் சரி. சாக்கு வாடை இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. அஞ்சு மாசமா எனக்கு எதுவுமே தெரியல.”

அவள் நன்றியோடு பார்ப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. தட்டை மேசைமேல் வைத்தாள். “அப்ப இத்தன நாளா என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். பசை விரலை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே போய்விட்டாள். மேலாளர் பின்னாலேயே போய் அழைத்துவந்தார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். பன்னிரண்டில் பதினொன்று சரியாகச் சொன்னாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

நாற்காலி அவளுக்குப் போயிற்று. ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இப்போது எழுதும்போதுதான் வருகிறது. உனக்கு வந்த அப்பாடா எனக்கு வரவில்லை. ஒருவேளை ராத்திரி தூங்கினால் வருமோ என்னவோ.

மெஷின் முடிவுக் காகிதத்தில் என் கையெழுத்தை அடித்துவிட்டேன். புதியவள் மறுபடி குடித்துப் பார்த்து முடிவு செய்வாள். நல்ல கொட்டையை நிரப்பி அனுப்பு.

அன்று உன்னைப் பற்றி எழுதியது தப்பில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எழுதும் முன் உன்னைக் கூப்பிட்டு, ஒன்பது நாள் எப்படியடா இருந்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டது தப்பு. அதற்கு மன்னிப்பு கேட்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நல்ல கொட்டை நிரப்பி அனுப்பினேன். டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் நிரப்பினேன். புதியவளும் ஒல்லி என்றே சொல்லிவிட்டாள். கசப்பு அளவோடு, சுத்தமாக முடிகிறது என்று எழுதியிருக்கிறாள். உன் வார்த்தை. அவளிடம் அதைச் சொல்லிவிடாதே.

இன்னொரு விஷயம். மூன்றாவது நொடியில் பம்ப் விக்குகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இனமே அப்படித்தான் விக்கும் என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முடிவானதும் அந்த ஒல்லியும், அலுவலகங்களுக்கான நாற்பதும் பணிமனைக்கு வந்து இறங்கின. நேற்று மனசு கேட்காமல் அந்த ஒல்லியைப் பிரித்தேன். உள்ளே வால்வு ஸ்பிரிங்கில் ஒரு மயிரிழை விரிசல். கூடவந்த மற்றவற்றில் ஆறைப் பிரித்துப் பார்த்தேன், நாலில் அதே விரிசல். இரண்டு மாதத்தில் நாற்பது அலுவலகத்திலும் மேசையெல்லாம் தண்ணீராகியிருக்கும். நாற்பதுக்கும் ஸ்பிரிங் மாற்றிவிட்டுத்தான் கொடுக்கப்போகிறேன்.

என் பதிவேட்டில் “குறை கண்டவர்” என்று ஒரு கட்டம் உண்டு. நாலு வருடமாக அதில் என் பெயரைத் தவிர வேறு பெயர் ஏறியதில்லை. நேற்று “அக்கா” என்று எழுதினேன்.

சுவரில் இருந்த காகிதத்தைக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் உன் புதிய நகலை வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே வரி. இரண்டையும் மடித்து இழுப்பறையில் போட்டிருக்கிறேன். தையல்காரர் வந்து, “என்னய்யா, லைசென்ஸ காணோம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வேனில் டிரைவர் பக்கத்து சீட் காலிதான், கேட்டுவிட்டேன். ஏறி வா. ஒல்லியில் இரண்டு கோப்பை போடுகிறேன். நான் குடித்துவிட்டு, என்ன வாசனை வருகிறது, எதுபோல் வருகிறது என்று ஒன்று விடாமல் உனக்கு வாயால் சொல்கிறேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

திருகாணி